தறப்பாள்

நிவாரணத் தறப்பாளின் கிழிந்த ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுப்பு இழை தெரியும். கறுப்புப் பொலித்தீன் இழைகளைப் பாய்போல நெய்து, இரண்டு பக்கமும் வெள்ளைப் பூச்சு ஏற்றித்தான் அதைச் செய்கிறார்கள். வெள்ளை வெயிலைத் தடுக்கும். கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும்: இரவில் உள்ளே குப்பி விளக்கு எரிந்தாலும், உடை மாற்றுகிற பெண்ணின் நிழல் வெளியே விழாது. இதை யோசித்த ஆள் ஒரு நாளாவது முகாமில் படுத்து எழும்பியிருக்க வேண்டும்.

ஐ.நா. அகதிகள் அமைப்பின் நீல எழுத்துப் பொறித்த தறப்பாள் நாலுக்கு ஐந்து மீற்றர். செஞ்சிலுவைச் சங்கத்தினுடையது நாலுக்கு ஆறு. ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு நடக்கக்கூடிய பாரம். வெயிலில் ஓராண்டளவு தாங்கினால் அது தன் கடமையை முடித்த மாதிரி.

இலங்கைப் போரின் கடைசிக் காலத்தில் வன்னிக்குள் அது போய்ச் சேர்ந்ததே பெரும்பாடு. 2008 செப்டெம்பர் 16 அன்று ஐ.நா. அமைப்புகள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று மன்றாடியது, வாகனங்கள் போய்விட்டன. அதன்பிறகு எந்தச் சாமானும் தொடரணியாகத்தான் வரவேண்டும். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி, வவுனியாவில் ஏற்றுதல், ஓமந்தையில் சோதனை. ஒக்டோபர் தொடக்கத்தில் உலக உணவுத் திட்டத்தின் லொறிகள் ஓடத் தொடங்கின. ஏற்றியதில் பெரும்பங்கு அரிசி, மா, பருப்பு. கூரைக்கு மிஞ்சிய இடம் கொஞ்சம்.

அந்தக் கொஞ்சத்தின் மேல்தான் நவம்பர் கடைசியில் நிஷா புயல் வந்தது. மன்னார்ப் பக்கமிருந்து மடு, மல்லாவி, அக்கராயன் என்று தள்ளப்பட்டு வந்த குடும்பங்கள் வயலோரங்களிலும் பள்ளக் காணிகளிலும் கொட்டில் போட்டிருந்தன. மேட்டு நிலம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. கிடுகு ஊறித் தொங்கியது, தரையால் வெள்ளம் வந்தது. போருக்கு ஓடிவந்த இடத்திலிருந்து வெள்ளத்துக்கு இன்னொரு ஓட்டம். தறப்பாள் வைத்திருந்தவர்கள் அதைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இல்லாதவர்கள் பாடசாலைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள்.

தறப்பாள் கட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. ஓரத்துக் கண்ணி பிய்ந்துபோனால் பக்கத்தில் இன்னொரு ஓட்டை போடக்கூடாது. முதல் காற்றுக்கே அங்கிருந்து கிழியத் தொடங்கும். ஒரு சிறு கல்லை உள்ளே வைத்து, தறப்பாளை அதன்மேல் பொத்தி, கல்லின் கழுத்தில் கயிற்றைச் சுற்றி இறுக்க வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் கல் நழுவாது. உதவி நிறுவனங்களின் கையேடுகளில் படம் போட்டு இதை விளக்கியிருப்பார்கள். இரண்டு மாரி கொட்டிலில் கழித்தவருக்குப் படம் தேவையில்லை.

2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தது. சனம் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை என்று ஓடியது. உழவு இயந்திரத்தில் தொடங்கிய பயணம் சைக்கிளுக்கு இறங்கி, கடைசியில் தலைச்சுமையானது. கதவு, நிலை, தகரம், மாடு எல்லாவற்றையும் வழிவழியே விட்டார்கள். தறப்பாளைக் கடைசி வரை விடவில்லை. மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கட்டக் கல்லும் இல்லை, நடக் கப்பும் இல்லை. மணலைத் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் ஊறும். பெண்கள் சேலைகளைப் பையாகத் தைத்து மணல் நிரப்பிப் பதுங்குகுழிக்கு அணை வைத்தார்கள். கூறைச் சேலையும் அதில் போனது. மேலே தறப்பாள். மழைக்காகச் செய்யப்பட்ட பொருளால் எறிகணையை என்ன செய்ய முடியும்?

ஆனால் அதன் வெள்ளை நிறத்துக்கு, செய்தவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு வேலை வந்து சேர்ந்தது. கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே கிடந்த அந்த ஒடுங்கிய நிலம் விண்ணிலிருந்து பார்க்கையில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தது. அறிவியல் முன்னேற்றத்துக்கான அமெரிக்கச் சங்கம் மே 6, மே 10 ஆகிய இரு நாட்களின் செய்மதிப் படங்களை ஒப்பிட்டது. முதல் படத்தில் இருந்த கொட்டில்களில் பெருந்தொகை இரண்டாவதில் இல்லை. செய்தியாளர் எவரும் சுயமாக உள்ளே போக முடியாதிருந்த நாட்களில், அங்கே சனம் இருந்தது என்பதற்கும் பிறகு அந்த இடம் வெறுமையானது என்பதற்கும் கூரைகள் சாட்சியாயின. அந்தச் சாட்சியத்தை வைத்து யார் என்ன செய்தார்கள் என்பது வேறு கதை, கசப்பான கதை.

வட்டுவாகல் பாலத்தால் வெளியே வந்தபோது பலரிடம் உடுத்த உடுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் புதிய கூடாரங்கள், புதிய தறப்பாள்கள், சுற்றிவர முட்கம்பி. காட்டை வெட்டி வெளியாக்கிய நிலம், வாய்க்கால் போதாது. மாரிக்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கையில், 2009 ஓகஸ்ட் நடுவில் பெய்த மழைக்கே கூடாரங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. தலைக்குமேல் தறப்பாள் ஒழுகாமல் இருந்ததில் என்ன பயன்? வெளியே போய் உறவினர் வீட்டில் தங்க அனுமதித்திருந்தால் பல குடும்பங்களுக்குத் தறப்பாள் தேவைப்பட்டே இராது.

ஊர் திரும்பியோருக்கு அகதிகள் அமைப்பு 25,000 ரூபா கொடுத்தது. அதில் வீடு எழும்பாது. தகரமும் தறப்பாளும் சேர்ந்த கொட்டில்தான் எழும்பும். இந்தியா 50,000 வீடுகள் தருவதாக 2010இல் அறிவித்தது. பயனாளிகளே கட்டும் பெரிய கட்டம் 2012 ஒக்டோபரில்தான் தொடங்கியது, வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா. இடையில் போன மாரிகளை ஓராண்டுக்கென்று செய்த பொருள்தான் சுமந்தது. கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. தறப்பாள் கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் விழுந்த கோடு, வீடு எங்கே என்ற கேள்வியைத் தள்ளிப்போட உதவியது என்பதே என் குற்றச்சாட்டு. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக ஏற்றப்பட்ட கேப்பாப்பிலவு மக்களைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகவில்லை. இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகளுக்குப் பதிலாகச் சீனியாமோட்டையில் காடு வெட்டிய நிலத்தில் இறக்கினார்கள். அங்கும் கொட்டிலில் இருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.