புழுதி விதைப்பும் நடவுக் கூலியும்: காவிரிக் கடைமடையின் தகவமைப்பை எப்படி அளப்பது?

ஆவணி பிறந்தால் காவிரிக் கடைமடை உழவர் வாய்க்காலைப் பார்ப்பதைவிட வானத்தைப் பார்ப்பதே அதிகம். திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கத்து வயல்களில் கோடை மழை ஈரத்திலேயே உழுது போட்ட மண் காத்துக் கிடக்கிறது. ஒரு மண்கட்டியை எடுத்து உள்ளங்கையில் நெரித்துப் பார்க்கிறார்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் விதைக்கலாம். காய்ந்த மண்ணில் காய்ந்த நெல்லைத் தெளித்து, மேலாக ஓர் உழவு ஓட்டி மூடிவிடுகிறார்கள். மழையோ ஆற்றுத் தண்ணீரோ, எது முந்துகிறதோ அதில் முளைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. காலநிலை மாற்றத்துக்குச் சிறு விவசாயி தானே கண்ட விடை என்று இந்தப் புழுதி விதைப்பைச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. அது உண்மைதான். ஆனால் அந்த விடைக்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்காதவரை அது பாதி உண்மை.

இந்த மாற்றத்துக்கான காரணங்கள் வலுவானவை. நடவுக்கு முதலில் நாற்றங்கால் வேண்டும், நாற்று ஏறக்குறைய ஒரு மாதம் வளர வேண்டும், பிறகு சேற்றுழவு. இத்தனைக்கும் தண்ணீர் நாள் தவறாமல் வர வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது மரபு. 2022இல் அது மே 24ஆம் தேதியே திறந்தது. 2024இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. திறந்த தண்ணீரும் தலைமடையை நனைத்துவிட்டுத்தான் கடைமடைக்கு வரும். மழையையும் நம்ப முடியவில்லை. 2016இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2021 ஜனவரியிலோ, அறுவடைக்கு நின்ற சம்பா பொங்கல் நேரத்து மழையில் சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்தது. கடைமடைக்காரரின் சிக்கல் மழை குறைவது மட்டுமல்ல, நாள் தப்பிப் பெய்வதும்தான். நாற்றங்காலையும் சேற்றுழவையும் கழித்துவிட்டால் தண்ணீருக்காகக் காத்திருக்கும் நாள்கள் குறைகின்றன. அதற்காக இரண்டு மடங்குக்கும் மேலான விதையைத் தெளிக்க அவர் தயங்குவதில்லை.

இனி அந்த உழவர் வீட்டின் மறுபக்கக் கணக்கு. டெல்டாவில் நாற்று நடுவது பெண்களின் வேலை. மூன்று மா, ஆறு மா நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பெண் தன் வயலில் மட்டும் நடுவதில்லை. கூட்டத்தோடு சேர்ந்து ஊர் வயல்களிலும் நட்டுக் கூலி வாங்குகிறவர். ஆவணி, புரட்டாசியில் கடனில்லாமல் வீட்டுக்குள் வரும் ரொக்கம் பெரும்பாலும் அந்தக் கூலிதான். விதைப்பு பரவியபோது அந்த நாள்கள் போயின. புழுதியில் முளைத்த பயிரோடு களையும் சேர்ந்தே முளைப்பதால் களையெடுப்பு வேலையாவது கூடியிருக்க வேண்டும். அந்த இடத்தைக் களைக்கொல்லி பிடித்துக்கொண்டது. விதை தெளிப்பதும் மருந்து அடிப்பதும் ஆண்களின் கையில் இருக்கின்றன. ஆக, வயலைக் காப்பாற்றிய அதே முடிவு அந்த வயலுக்குச் சொந்தக்காரர் வீட்டு வருமானத்தின் ஒரு காலை முறித்திருக்கிறது.

நடவுக்கு ஆள் கிடைக்காததால்தானே விதைப்பு வந்தது என்று இதற்கு எதிர்வாதம் வரும். அதிலும் உண்மை உண்டு. தண்ணீர் வந்ததும் ஊர் முழுக்க ஒரே வாரத்தில் நட வேண்டியிருக்கும்போது ஆள் கிடைக்காது; மற்ற மாதங்களில் அதே பெண்களுக்கு வேலை கிடைக்காது. ஒரு வாரத்துப் பற்றாக்குறையைக் காட்டி ஒரு பருவத்தின் கூலியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம் என்பதே என் வாதம். உழவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. குறை நம் அளவுகோலில் இருக்கிறது.

யாருடைய கூலியையும் பறிக்காத தகவமைப்பும் உண்டு. பொன்மணி என்று உழவர்களுக்குப் பழகிய சி.ஆர். 1009 ரகத்தில் சப்1 மரபணுவைச் சேர்த்த நெல், இளம்பயிராக இருக்கும்போது இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மீண்டுவிடும். அந்த மரபணு ஒடிசா உழவர்களின் பழைய நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ வகையிலிருந்து வந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆனால் ஐப்பசி வெள்ளத்தைத் தாங்கும் இந்த விதை தை மழையைத் தாங்காது. சாய்ந்த பயிரை அறுக்கப் பெல்ட் வைத்த அறுவடை இயந்திரம்தான் இறங்க வேண்டும், ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகும், வாடகையும் இரட்டிக்கும். அறுத்ததைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் 17 சதவீத ஈரப்பத வரம்பு நிற்கிறது. நெல்லைச் சாலையோரத்தில் கொட்டி, கிளறி, மேகம் கறுத்தால் தார்ப்பாய் போட்டு மூடும் வேலை மீண்டும் அந்தப் பெண்ணுக்கே வருகிறது. அதற்குக் கூலி இல்லை.

வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரரின் நிலை இன்னும் மோசம். குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் பதிவைக் கேட்டால் நிலமே கைவிட்டுப் போகும் என்ற அச்சத்தில் பலர் கேட்பதில்லை. பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் என்னும் சாகுபடிப் பதிவு வேண்டும்; அதில் தம் பெயர் ஏறாதவர் விதை, உழவு, மருந்து அத்தனைக்கும் பணம் போட்டும் இழப்பீட்டு வரிசைக்கு வெளியே நிற்கிறார்.

ஆகவே தகவமைப்பை ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மட்டும் அளக்கக் கூடாது. ஒரு வீட்டின் ஓராண்டு வரவு செலவாக அளக்க வேண்டும். புழுதி விதைப்பு பற்றிக் களஆய்வுக்குப் போகிறவர்கள் விளைச்சலையும் மிச்சமான தண்ணீரையும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு, அதே திண்ணையில் அந்த வீட்டுப் பெண்ணிடம் இன்னொரு கேள்வி கேட்கட்டும்: விதைப்புக்கு மாறுவதற்கு முன் வருஷத்துக்கு எத்தனை நாள் நடவுக்குப் போனீர்கள், இப்போது எத்தனை நாள்?