வீட்டு நிலத்தைக் காப்பாத்தின போதகர்

போன மாசம் அக்கா மகன் கனடாவுலேர்ந்து போன் பண்ணினான். "மாமா, கடனுக்காக விவசாயியோட வீட்டு நிலத்தைப் பிடுங்கக் கூடாதுன்னு இங்க ஒருத்தர் சட்டமே போட்டார்"னான். ரெண்டு ஏக்கர் பத்திரத்தை அடமானம் வச்சுட்டு ஏழு வருஷம் தூக்கமில்லாம கெடந்தவன் நான். சும்மா விடுவேனா? தேடிப் படிச்சேன்.

அவர் பேரு டாமி டக்ளஸ். 1904-ல ஸ்காட்லாந்துல பிறந்தவர். அப்பா இரும்பு வார்க்கிற தொழிலாளி. சின்ன வயசுலயே குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்குக் கால் எலும்புல சீழ் பிடிச்சு, காலையே எடுக்கணும்ங்கிற நிலைமை. மாணவர்கள் பார்த்துப் படிக்கச் சம்மதிச்சா இலவசமா ஆபரேஷன் பண்றேன்னார் ஒரு டாக்டர். கால் பிழைச்சது. அந்த டாக்டர் கண்ணுல படாம இருந்திருந்தா?

1930-ல சஸ்காட்செவன் மாகாணத்துல வேபர்ன்ங்கிற ஊருக்கு பாப்டிஸ்ட் சபைப் போதகரா வந்தார். அவர் ஏர் பிடிச்சவர் இல்லை. ஆனா சுத்தி எல்லாம் கோதுமைக் காடு. மழை பொய்ச்சு மேல்மண் புழுதியாப் பறந்த வருஷங்கள் அவை. கோதுமை விலையும் அடிமட்டத்துக்குப் போச்சு. வைத்தியத்துக்குக் காசில்லாம செத்த இளவயசுக் குடும்பஸ்தர்களை அவரே அடக்கம் பண்ணினார். பிரசங்கம் மட்டும் பத்தாதுன்னு அரசியல்ல இறங்கினார்.

1944 மாகாணத் தேர்தல்ல அவரோட சி.சி.எஃப். கட்சி 52 தொகுதியில 47 ஜெயிச்சு, அவர் பிரீமியர் ஆனார். நம்ம முதலமைச்சர் மாதிரி. அந்த வருஷமே விவசாயப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குடும்பம் குடியிருக்கிற 160 ஏக்கர் அடமானக் கடன்ல கைவிட்டுப் போகக் கூடாது. (நமக்கு 160 ஏக்கர்னா ஜமீன். அந்த மானாவாரி பூமியில அது ஒரு குடும்பத்துக்குப் பாதி வயித்துக்குத்தான்.) விளைச்சல் பொய்ச்சா நஷ்டத்துல கடன் கொடுத்தவனும் பங்கு ஏத்துக்கணும்னு ஒரு பிரிவு. அதைப் பின்னாடி லண்டன் பிரிவி கவுன்சில் செல்லாதுன்னுடுச்சு. வீட்டு நிலப் பாதுகாப்பு மட்டும் நின்னுச்சு.

1947-ல மாகாணத்துல எல்லாருக்கும் ஆஸ்பத்திரிக் காப்பீடு. 1962-ல, அவர் பதவியை விட்ட மறு வருஷம், டாக்டர்கள் 23 நாள் ஸ்டிரைக் பண்ணியும், அவர் தொடங்கின பொது மருத்துவத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னாடி நாடு முழுக்கப் பரவினது.

நமக்குத் தேர்தலுக்குத் தேர்தல் தள்ளுபடி வருது. வேண்டாம்னு சொல்ல மாட்டேன், நானும் வாங்கினவன்தான். ஆனா தள்ளுபடி அந்த வருஷக் கடனோட சரி. மழை பொய்ச்சாலும் வீடும் நிலமும் போகாதுன்னு ஒரு சட்டம் இருந்தா, அந்த ஏழு வருஷமும் நான் தூங்கியிருப்பேன்.