அஞ்சு காலி பாக்கெட்டுக்கு ஒண்ணு இலவசம்

கள்ளக்குறிச்சி கருணாபுரம்னா, 2024 ஜூனில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எனக்கு இன்னொரு பாக்கெட்டும் சேர்ந்தே ஞாபகம் வருது: ஷாம்பு பாக்கெட்.

கள்ளக்குறிச்சி ஒருகாலத்தில் தென்னார்க்காடு மாவட்டம், தலைநகரம் கடலூர். அந்தக் கடலூர்க்காரர்தான் சின்னி கிருஷ்ணன். வசதியானவங்க பொருளா இருந்த ஷாம்புவைக் கூலி வேலை செய்றவங்களும் வாங்கணும்னு சின்ன பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன், 1983ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி 'சிக்' ஷாம்பு கொண்டுவந்தார்.

கிராமங்களில் ஒரு பையனை உட்கார வைத்து, தலையில் தேய்த்துக் காட்டினார்கள். அப்புறம் வந்தது அந்தத் திட்டம்: எந்தக் கம்பெனி காலி பாக்கெட்டானாலும் அஞ்சு கொடுத்தா ஒரு சிக் இலவசம். போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் தாங்களே தேடி வந்தார்கள். பழகியதும், சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான்னு மாற்றினார்கள். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சமானதாக ரங்கநாதனே சொல்லியிருக்கிறார்.

இரண்டு பாக்கெட்டும் தேடிப்போனது ஒரே ஆளைத்தான்: அன்றாடக் கூலிக்காரர். ஷாம்புக்காரர் பெயர் போட்டு விற்றார், தேய்த்தும் காட்டினார். சாராயப் பாக்கெட்டில் பெயரே இல்லை. கூலிக்கு ஏத்த விலை வைப்பது பாதி வேலைதாங்க. உள்ளே இருப்பதற்கு நான் பொறுப்புன்னு நிற்பதுதான் மீதி.