விடுபட்ட ஓர் எண்ணும் இராமானுஜனின் ஆய்வு நெறியும்

ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்த சீனிவாச இராமானுஜனைக் கொங்கு நாடு தன் பிள்ளையென்று போற்றுகிறது. ஆனால் அந்தப் போற்றுதல் பெரும்பாலும் அவரை அருள்பெற்ற அதிசயமாகக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. அவருடைய முடிவுகளுக்குப் பின்னால் முறையான நிறுவலும் சளைக்காத கைக்கணக்கும் இருந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம். இலண்டன் கணிதக் கழக இதழில் 1915இல் வெளிவந்த உயர் பகு எண்கள் பற்றிய அவருடைய ஆய்வும், அதன் அட்டவணையில் விடுபட்டுப்போன ஓர் எண்ணும் இதற்குச் சான்றுகள்.

தன்னினும் சிறிய எந்த எண்ணைவிடவும் கூடுதலான வகுத்திகள் கொண்டதே உயர் பகு எண். சென்னிமலை முருகன் கோயிலின் 1320 படிகளை எடுத்துக்கொள்வோம். 1320 = 2³ × 3 × 5 × 11. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 4 × 2 × 2 × 2 = 32 வகுத்திகள். இங்கே 7 இல்லாமல் 11 வந்திருக்கிறது. 11 இருந்த இடத்தில் 7ஐ வைத்தால் கிடைப்பது 840. அதற்கும் வகுத்திகள் 32தான். சிறிய எண்ணிலேயே அத்தனை வகுத்திகளும் கிடைத்துவிடுவதால் 1320 உயர் பகு எண் ஆகாது. இதே தருக்கத்தை விரித்தால், உயர் பகு எண்ணில் பகா எண்கள் 2இலிருந்து இடைவிடாமல் வரவேண்டும், அவற்றின் அடுக்குகள் போகப்போக ஏறக்கூடாது என்ற இரு விதிகள் கிடைக்கின்றன. 4, 36 நீங்கலாகக் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 மட்டுமே என்பதையும் இராமானுஜன் நிறுவினார்.

அவருடைய அட்டவணை 67,46,32,83,88,800 வரை 102 எண்களைத் தருகிறது. விடுபட்டது 2,93,31,86,25,600, அதாவது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அதன் வகுத்திகள் 5040. அதற்கு முந்தைய உயர் பகு எண்ணான 2,40,94,02,99,600க்கு 4800 வகுத்திகள். அடுத்ததான 3,21,25,37,32,800க்கு 5376. இவ்விரண்டிலும் 23 ஒரு காரணி, 7இன் அடுக்கு 1. விடுபட்டதிலோ 23 இல்லை, 7இன் அடுக்கு 2. எண் வளர வளரக் கடைசிப் பகா எண்ணும் முன்னேறியே தீரும் என்பதில்லை. அது 23இலிருந்து 19க்குப் பின்வாங்கி மறுபடி 23க்குத் திரும்புகிறது. இத்தகைய இடங்களில் பொது விதிகள் மட்டும் போதா. தகுதியுள்ள எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டாக வேண்டும். கைக்கணக்கில் ஒன்று நழுவக்கூடிய இடமும் இதுவே. இவ்வளவுக்கும் அட்டவணையின் இறுதி எண், விடுபட்ட எண்ணின் சரியாக 23 மடங்கு.

ஓர் எண் விடுபட்டதால் கோட்பாடே ஆட்டம் காணாதா என்று கேட்கலாம். காணாது. தேற்றங்களை நிறுவ அட்டவணை தேவைப்படவில்லை. விடுபட்ட எண்ணும் மேற்கண்ட விதிகள் அனைத்துக்கும் அடங்குகிறது. இன்று கணினி நொடியில் பட்டியலிடுமே என்பாரும் உண்டு. எல்லா எண்களையும் சோதிக்காமல் சிலவற்றை மட்டும் சோதித்தால் போதும் என்ற வசதியைக் கணினிக்குத் தருபவை இவ்விதிகளே. அவருடைய உள்ளுணர்வை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் கேம்பிரிட்ஜ் 1916இல் ஆய்வுவழிப் பட்டம் வழங்கியது இந்த உழைப்புக்குத்தான். அன்று அச்சேறாத எஞ்சிய பகுதியை 1997இல் அறிஞர்கள் குறிப்புகளுடன் பதிப்பித்ததும் அதன் தருக்க வலிமைக்காகத்தான். ஈரோட்டு மாவட்டப் பள்ளிகள் அவருடைய பிறந்தநாளில் படத்துக்கு மாலையிடுவதோடு நில்லாமல், விடுபட்ட அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி மாணவரைக் காரணிப்படுத்தச் சொல்ல வேண்டும். அதிசயத்தை வியக்கத்தான் முடியும். நெறியைக் கற்றுக்கொள்ள முடியும்.