நைன் சிங்கின் காலடிகளும் திரையில் நகரும் புள்ளியும்

ஒரு சரக்கு நிறுவனத்தின் டாஷ்போர்டில் லாரி ஒன்று சிறு புள்ளியாக நிலப்படத்தின்மீது நகர்கிறது. ஜிபிஎஸ் கருவி அனுப்பிய குறிப்புகள் இரண்டே: 6.00 மணிக்கு ஓரிடம், 6.10க்கு வேறோரிடம். இடைப்பட்ட பத்து நிமிடத்தில் வண்டி தேநீர்க் கடையில் நின்றதா, சுற்றுவழியில் சென்றதா என்பது தரவில் இல்லை. ஆயினும் புள்ளி அவ்விரு இடங்களையும் இணைக்கும் கோட்டின்மீது சீரான வேகத்தில் செல்கிறது. அளந்தது எது, மென்பொருள் நிரப்பியது எது என்று பார்ப்பவருக்குப் புலப்படுவதில்லை. பயண வழியைப் படமாக்கியவர்கள் கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே இச்சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். இந்திய அளவைத் துறை வரலாற்றில் அதற்குத் தெளிவான சான்று, நைன் சிங் ராவத்தின் லாசா பயணம்.

1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையில் காலத்திற்கு இடமில்லை. மலையுச்சி நகர்வதில்லை, எந்த நாளில் கோணம் எடுத்தாலும் விடை ஒன்றே. வழி அளவை அப்படியன்று. அது நடப்பவரின் உடலையும் அவர் கழித்த நாட்களையும் நம்பியது. திபெத்துக்குள் பிரிட்டிஷ் அதிகாரிகள் நுழைய முடியாதிருந்தமையால், தாமஸ் மான்ட்கோமரி 1860களில் எல்லைப்புற மக்களுக்குப் பயிற்சியளித்து அனுப்பினார். குமாவுனின் ஜோஹார் பள்ளத்தாக்கிலுள்ள மிலம் என்னும் ஊரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியரான நைன் சிங், அவர்களுள் முதன்மையானவர்.

டேராடூனில் அவர் கற்க வேண்டியிருந்தவற்றுள் ஒன்று நடை. ஏற்றமோ இறக்கமோ, ஒவ்வோர் அடியும் ஒரே நீளத்தில் விழ வேண்டும். வழக்கமான 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகள் கொண்ட செபமாலை அவர் கையில் இருந்தது. நூறு அடிக்கு ஒரு மணி நகரும், மாலை ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் அடி. பிரார்த்தனைச் சக்கரத்தினுள் மந்திரச் சுருளுக்கு மாறாகக் குறிப்புத் தாள்கள். கைத்தடிக்குள் வெப்பமானி, நீர் கொதிக்கும் வெப்பநிலையிலிருந்து அந்த இடத்தின் உயரம் கணக்கிடப்பட்டது. 1865இல் நேபாளம் வழியாகப் புறப்பட்டவர் 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். அந்தப் பயணத்தில் அவர் எண்ணியவை ஏறத்தாழ 25 லட்சம் அடிகள், 1,200 மைல்கள்.

இவ்வளவு அடிகளுக்கிடையே, செக்ஸ்டன்ட் கொண்டு அட்சரேகை கண்ட இடங்கள் 31 மட்டுமே. மற்ற தொலைவெல்லாம் காலடி எண்ணிக்கையும் திசைகாட்டியும் சேர்ந்து நிரப்பியவை. எனவே இடைவெளியை நிரப்புதல் இன்றைய மென்பொருளின் புத்தாக்கம் அன்று. ஆனால் நைன் சிங்கின் நிரப்பலுக்குப் பின்னால் ஒவ்வொரு நூறு அடிக்கும் ஒரு மணி நகர்ந்தது. நிலப்படத்தில் இவையனைத்தும் ஒரே கோடாயின. 1868இல் ராயல் ஜியாகிரஃபிக்கல் சொசைட்டியின் இதழில் அறிக்கை வெளிவந்தபோது அவர் பெயரும் இல்லை. 'பண்டிட்' என்ற பட்டம் மட்டுமே இருந்தது. மறைத்ததற்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு என்பது மெய்யே. 1877இல் அதே சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

தூரத்தையும் காலத்தையும் பிரிக்காத வழக்கு மொழிகளில் நெடுங்காலம் இருந்தது. தமிழில் 'நாழிகைவழி' என்பது ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடக்கக்கூடிய தொலைவு. அளவையாளரின் கோடு அந்த இணைப்பை அறுத்தது எனலாம்.

அறுந்ததை மீண்டும் கட்ட முயன்ற படங்களுள் புகழ்பெற்றது, மினார்ட் 1869இல் வெளியிட்ட நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பு வரைபடம். புறப்பட்ட 4,22,000 வீரர்களுள் 10,000 பேர் திரும்பியதைப் பட்டையின் அகலமே சொல்கிறது. ஆனால் தேதிகள் கீழேயுள்ள வெப்பநிலை வரைகோட்டில், பின்வாங்கலுக்கு மட்டுமே உண்டு. முன்னேறிச் சென்ற மாதங்களுக்கு அப்படத்தில் காலமே இல்லை. அதை வியந்து மேற்கோள் காட்டுவோர் இதைக் கவனிப்பது அரிது.

1970இல் வால்டோ டோப்லர் டெட்ராய்ட் வட்டாரத்தின் வளர்ச்சியைக் கணினித் திரைப்படமாக்கினார். அதே ஆண்டு ஹேகர்ஸ்ட்ராண்ட், மனிதரின் ஒரு நாளை இடமும் காலமும் சேர்ந்த பாதையாகக் காணுமாறு புவியியலாளரை வற்புறுத்தினார். அவருடைய காலப் புவியியலில் காலம் செங்குத்து அச்சு. ஆகவே ஓரிடத்தில் தங்கியிருப்பதும் கோடாகவே, மேல்நோக்கி, தெரியும். இன்றைய டாப்லோவின் பக்க வரிசையோ, ஊபர் 2018இல் திறந்த மூலமாக வெளியிட்ட கெப்லரோ காலத்தைத் திரையின் ஓட்டமாக மாற்றுகின்றன. அங்கே தங்குதல் வெறுமனே நின்றுபோன புள்ளி.

நைன் சிங்கின் பயணத்தை அவ்வாறு ஓட்டினால், லாசாவில் புள்ளி மூன்று மாதம் அசையாது. பார்ப்பவர் வேகத்தைக் கூட்டிக் கடந்துவிடுவார். அந்நகரின் அட்சரேகையும் உயரமும் உறுதிப்பட்டது அந்த மூன்று மாதத்தில்தான்.

அவருடைய உறவினர் கிஷன் சிங், 1878 முதல் 1882 வரை துன்ஹுவாங் வரை சென்று மீண்டவர். கொள்ளையருக்கு அஞ்சிய வணிகக் கூட்டம் அவரைக் குதிரையில் ஏற்றியபோது, குதிரையின் வலது முன்கால் விழும் அடிகளை எண்ணிக்கொண்டே சென்றார். எண்ணும் கால் எந்த இடத்தில் மாறியது என்பதைக் கோடு காட்டாது. அவர் குறிப்புகளில் அது பதிவாகியிருந்ததால்தான் டேராடூனில் கணக்கிட முடிந்தது.