அடிக்கல்லும் குடிசையும்

அரூரிலிருந்து மேற்கே தருமபுரி வழியாகப் போனால் பாப்பாரப்பட்டி வரும். தென்கிழக்கே கோட்டப்பட்டி வழியாகப் போனால் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங் பள்ளத்தாக்கு வரும். முதல் ஊரில் 1923இல் ஓர் அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டாம் ஊரில் 1993இல் ஒரு குடிசை போடப்பட்டது. அடிக்கல்லுக்குக் காரணமானவர் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா. குடிசைக்குக் காரணமானவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்னும் மருத்துவத் தம்பதி. அடிக்கல்லின் மீது பாரத மாதாவுக்கு ஆலயம் எழும்ப வேண்டும் என்பது ஒரு குறிக்கோள். குடிசைக்குள் மலைமக்களுக்கு மருத்துவம் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று.

தள்ளிப்போடுதலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சோம்பேறியையும் ஓர் உழைப்பாளியையும் அருகருகே நிறுத்திவிடுகிறார்கள். தீர்ப்பு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் அந்த ஒப்பீட்டில் நாம் கற்பது குறைவு. இங்கே நான் எடுத்துக்கொண்ட இரு தரப்பிலும் சோம்பேறி இல்லை. இரு தரப்பும் தங்கள் குறிக்கோளுக்காக ஊரை விட்டு வந்தவர்கள். ஆனாலும் ஒரு குறிக்கோள் கட்டடமாக எழ 98 ஆண்டுகள் ஆயின. மற்றொன்று குடிசை வேய்ந்ததுமே நடக்கத் தொடங்கிவிட்டது. இந்த வேறுபாட்டை உழைப்பின் அளவைக் கொண்டு விளக்க முடியாது என்பதே என்னை இந்த ஒப்பீட்டுக்குள் இழுத்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு செயலை ஒத்திவைக்கிறவர் அதை ஒத்திவைப்பதாகச் சொல்வதில்லை. "தை பொறக்கட்டும்", "கையில நாலு காசு சேரட்டும்", "பையன் படிப்பு முடியட்டும்" என்று ஒரு நிபந்தனையைச் சொல்வார். நிபந்தனை நியாயமாகவே இருக்கும். அப்படிப் பார்த்தால், நம்மில் எவரையும்விட வலுவான நிபந்தனைகள் இந்த இரு தரப்பினரிடமும் இருந்தன. சிவாவுக்குச் சிறையில் பற்றிய தொழுநோய். நோயைக் காட்டி அவர் ரயிலில் ஏறக் கூடாது என்ற தடை. கையில் பணமில்லை, பின்னால் அரசின் கண்காணிப்பு. உடம்பு தேறட்டும் என்று அவர் உட்கார்ந்திருந்தால் குறைசொல்ல ஆளில்லை. மருத்துவர்களுக்கோ கட்டடம் இல்லை, கருவி இல்லை, அந்தப் பள்ளத்தாக்கில் தெரிந்தவர் இல்லை. அறுவை அரங்கு அமையட்டும் என்று அவர்கள் நகரத்தில் இருந்திருந்தாலும் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். சிவா கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போனார். மருத்துவர்கள் ஊர்மக்கள் எழுப்பித் தந்த குடிசையில் நோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்தார்கள்.

ஆனால் முதல் அடியை எடுத்து வைப்பதற்கு முந்தைய காலத்தைப் பார்த்தால் காட்சி தலைகீழாகிறது. சிவா காத்திருந்தவரே அல்லர். 1908இல் வ.உ.சி.யோடு கைதானார், 1912இல் விடுதலையானார், அடுத்த ஆண்டே 'ஞானபானு' இதழைத் தொடங்கினார். நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் செய்த மனிதர் அவர். மருத்துவத் தம்பதியோ காந்திகிராமத்தில் பணியாற்றிய பின் எங்கே தேவை மிகுதி என்று தேடி ஓராண்டு நாட்டைச் சுற்றினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த ஓராண்டு தள்ளிப்போடுதலாகவே தெரிந்திருக்கும். விரைந்தவரின் குறிக்கோள் தாமதமாயிற்று. சுற்றியலைந்தவர்களின் குறிக்கோள் தொடங்கிற்று. வள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரமும் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வைத்ததன் நுட்பம் இங்கே விளங்குகிறது. சோம்பலைக் கடிந்த அவரே, கொக்கு அசையாமல் நிற்பதையும் பாராட்டுகிறார். கொக்கு தண்ணீருக்குள் இறங்கித்தான் நிற்கிறது. அந்த ஓராண்டும் அப்படிப்பட்டதுதான். அருகிலுள்ள மருத்துவமனைக்கே அரூர் வரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய ஒரு பள்ளத்தாக்கை அவர்கள் கண்டடைந்தது அந்த அலைச்சலில்தான்.

அப்படியானால் தாமதம் எங்கிருந்து வந்தது? குறிக்கோளின் வடிவத்திலிருந்து என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆலயம் பகுதி பகுதியாகப் பயன்தருவது அன்று. பாதி எழுந்த கருவறையில் தெய்வம் குடியேறுவதில்லை. பத்தில் ஒரு பங்கு நிதி திரண்டால் பத்தில் ஒரு பங்கு ஆலயம் கிடைப்பதில்லை. மருத்துவம் அப்படியன்று. மகப்பேறு மருத்துவர் ஒருவரும் மயக்க மருந்து மருத்துவர் ஒருவரும் குடிசையில் உட்கார்ந்துவிட்டால், மருத்துவமனை நூற்றில் ஒரு பங்குகூட எழாத நிலையிலும், அன்று பிறக்கும் குழந்தைக்கு அது முழு மருத்துவமனை. சுமார் மூன்று ஆண்டுகள் அவர்கள் அந்தக் குடிசையிலேயே பார்த்தார்கள். பத்துப் படுக்கைகளோடு கட்டடம் வந்தது அதன் பிறகுதான். இங்கே வேலை முன்னே போயிற்று, கட்டடம் பின்னே வந்தது. பாப்பாரப்பட்டியில் கட்டடம் வந்தால்தான் வேலை தொடங்கும் என்ற நிலை.

தள்ளிப்போடுதல் நேரத்தைக் கையாளத் தெரியாததால் வருவதன்று, அந்த நேரத்து மனச்சங்கடத்தைத் தணித்துக்கொள்ளும் வழி என்று உளவியலாளர்கள் ஃபூஷியா சிரோயிஸும் டிமோதி பிச்சிலும் 2013இல் எழுதினார்கள். இந்தக் கருத்தோடு அடிக்கல்லைப் பார்த்தால் ஒன்று புலப்படும். நம்முடைய அன்றாடத்தில் அடிக்கல் நாட்டுவது பலமுறை நடக்கிறது. போட்டித் தேர்வுக்குப் பயிற்சி மையத்தில் பணம் கட்டுகிறோம். கடை வைக்கப்போவதாக உறவுக்கெல்லாம் சொல்கிறோம். புது நோட்டுப் புத்தகத்தில் கால அட்டவணை போடுகிறோம். அன்றிரவு மனம் இலேசாகிறது. பாதி முடிந்தது போன்ற அந்த நிறைவே மறுநாள் கையைக் கட்டிவிடுகிறது. ஆனால் சிவாவை இந்தக் கணக்கில் சேர்ப்பது அவருக்குச் செய்யும் அநீதி. விடுதலைப் போராட்டத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் நாட்டிய அந்தக் கல் அவர் மனத்தை இலேசாக்கவில்லை, கடனாளியாக்கியது. புண்பட்ட கால்களோடு அவரை நிதி கேட்டு நடக்கவைத்தது. ஒரே சடங்கு ஒருவருக்கு ஓய்வாகவும் இன்னொருவருக்குப் பாரமாகவும் ஆகிறது.

இரு தரப்பையும் இணைக்கும் ஓர் உறவு நான் எதிர்பாராதது. இருவரும் தருமபுரிக்காரர்கள் அல்லர். இருவரின் பாதையும் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தைத் தொட்டுத்தான் இங்கே வருகிறது. சிவா பிறந்தது வத்தலக்குண்டு. மருத்துவர்கள் வந்தது காந்திகிராமத்திலிருந்து. இன்னொன்றும் உண்டு, அது இதைவிடப் பொருளுள்ளது. குறிக்கோள் நிறைவேறிய பின் அங்கே குடியேறலாம் என்று இருவருமே எண்ணவில்லை. சிவா பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கிப் பாரதாசிரமம் அமைத்தார். எழாத ஆலயத்தின் நிலத்தையே தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். மருத்துவர்களும் இல்லாத மருத்துவமனையின் வாசலில் குடும்பம் நடத்தினார்கள். அடிக்கல்லையும் குடிசையையும் எதிரெதிராக வைத்துத்தான் நான் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க, சிவாவிடமும் ஒரு குடிசை இருந்தது என்பதை ஏற்க வேண்டியதாயிற்று.

பிரிவு அதற்குப் பின் வருகிறது. அடிக்கல் நாட்டிய தாஸ் 1925 ஜூன் 16இல் மறைந்தார். ஜூலை 23இல், ஆறு வாரம்கூட ஆகுமுன், சிவாவும் பாப்பாரப்பட்டியிலேயே மறைந்தார். அவருக்கு வயது நாற்பது. குறிக்கோளை யாரும் கைவிடவில்லை. ஆனால் அது யாருடைய அன்றாட வேலையாகவும் இல்லை. கோபாலபுரத்துக் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு அவர் பெயர் வைத்தார்கள். அரூர் வட்டாரக் கரும்பு விவசாயிகள் நாள்தோறும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். பாரத மாதா நினைவாலயம் திறக்கப்பட்டதோ 2021இல், தமிழ்நாடு அரசின் செலவில்.

சிட்லிங்கில் குறிக்கோள் தொடக்கத்திலிருந்தே பலருடைய அன்றாட வேலையாயிற்று. பழங்குடிப் பெண்கள் செவிலியப் பயிற்சி பெற்றார்கள், ஊர்தோறும் மூத்த பெண்கள் நலப் பணியாளர்கள் ஆனார்கள். மருத்துவர்கள் வந்த காலத்தில் ஆயிரம் குழந்தைகளுக்கு 150ஐ நெருங்கியிருந்த சிசு மரணம் பிற்பாடு 20ஐ ஒட்டிக் குறைந்தது. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. சிறிதாகத் தொடங்கிய குறிக்கோள் தொடங்கியபடியே இருப்பதில்லை. நோய்க்கு மருந்து கொடுக்க வந்தவர்கள் நோயின் வேரைத் தேடி நிலத்துக்குப் போனார்கள். இயற்கை வேளாண்மை செய்வோர் சங்கம் அங்கே எழுந்தது. சிவாவின் குறிக்கோள் 1923இல் இருந்த உருவத்திலேயே 98 ஆண்டுகள் காத்திருந்தது. அதை யாரும் வளைக்கவில்லை. சிட்லிங்கின் குறிக்கோளை வந்து கதவைத் தட்டியவர் எல்லாரும் கொஞ்சம் வளைத்தார்கள். தம் குறிக்கோளைச் சிறிதும் மாற்ற விரும்பாதவருக்கு சிவாவின் வழி துயரம் மிகுந்தது என்றாலும் தூய்மையானது. மாற்றத்தை ஏற்கிறவருக்கு இன்று காலையே ஒரு குடிசை போதும். என் மனம் பின்னதன் பக்கம் சாய்கிறது. ஆனால் முன்னதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று அதே பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்குள்ள லம்பாடிப் பெண்களின் பூத்தையல் ஏறக்குறைய இரண்டு தலைமுறை கைவிடப்பட்டுக் கிடந்தது. ஓரிரு மூத்த பெண்களின் விரல்களில் மட்டுமே அது மிஞ்சியிருந்தது. அடிக்கல்லைப் போலவே அதுவும் யாரோ வருவார்கள் என்று நெடுங்காலம் காத்திருந்தது எனலாம். திரும்பத் தொடங்கியபோது அதற்குக் கட்டடமோ விழாவோ தேவைப்படவில்லை. மூத்தவர்கள் துணியை மடியில் வைத்துத் தைத்துக் காட்டினார்கள், பக்கத்தில் உட்கார்ந்த இளையவர்கள் ஊசியில் நூல் கோத்தார்கள். இன்று அந்தப் பெண்கள் சேர்ந்து நடத்தும் அமைப்புக்குப் பொர்கை என்று பெயர். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமிதம் என்று பொருள்.