பார்க்கின்சன் நோயில் உடற்பயிற்சியும் சிந்தனைத் திறனும்

பார்க்கின்சன் நோயாளரின் கவனம், திட்டமிடல் போன்ற அறிதிறன்களைப் பேண, மருந்துடன் பரிந்துரைக்கப்படும் துணைச் சிகிச்சை உடற்பயிற்சி. நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் வருவது இந்நோய். 1817-இல் இதை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன், நோயாளரின் அறிவு பழுதடைவதில்லை என்றே கருதினார். அக்கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. ஒரே நேரத்தில் இரு வேலை செய்யும் திறன் தொடக்கத்திலேயே தளரக்கூடும்: நடக்கும்போது 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் அடி குறுகும், சிலர் நின்றேவிடுவர்.

விரைநடை, டிரெட்மில், நிலைச் சைக்கிள், எடைப் பயிற்சி, தாய்-சி, டாங்கோ நடனம் ஆகியவை ஆராயப்பட்டுள்ளன. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வில் (2019), ஆறு மாதம் வீட்டிலேயே சைக்கிள் மிதித்தோரின் இயக்கக் குறைபாடு, தசைநீட்டல் மட்டும் செய்தோரைவிடக் குறைவாகவே கூடியது. அவர்களில் ஒரு பகுதியினரிடம் எடுத்த மூளைப் படங்களும் கண்ணசைவுச் சோதனைகளும் (2022) மூளைச் சுருக்கம் மட்டுப்பட்டதையும் கவனக் கட்டுப்பாடு மேம்பட்டதையும் காட்டின. சிறிய ஆய்வானாலும் இது முக்கியமான சான்று. உடற்பயிற்சி டிமென்ஷியாவைத் தடுக்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. விழும் அபாயம் உள்ளோர் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் பயில வேண்டும்.